மன்னார் வளைகுடாவுக்குப் புதுத் திட்டம் வருகிறதா? முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"நம்ம பக்கம் புதுசா துறைமுகம் வருதாமே", "தீவுல ரிசார்ட் கட்டப் போறாங்களாம்", "கடலுக்குள்ள எண்ணெய் எடுக்கப் போறாங்களாம்." ராமநாதபுரம், தூத்துக்குடி கடற்கரையில் இந்த மாதிரிப் பேச்சு அடிக்கடி கிளம்பும். கேட்டவுடன் கோபம் வரும், வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்புவோம், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். அடுத்து எந்த அலுவலகத்துக்குப் போவது, யாருக்கு மனு எழுதுவது, எதைப் படிப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டமோ கடல் உயிரியலோ படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமையாகப் படிப்பதும், தேதி தவறாமல் மனு போடுவதும் போதும்.

ஒரு திட்டம் காகிதத்தில் இருக்கும் வரைதான் அதைத் தடுப்பது சுலபம். தூர்வாரும் கப்பல் வந்து நின்றுவிட்டால், வழக்கில் ஜெயித்தாலும் மண் விழுந்த பவளம் திரும்பி வராது. அதனால் கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பகுதி, கடலில் எதுவும் நடப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை.

பூங்கா எங்கே தொடங்குகிறது?

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் கரையை ஒட்டினாற்போல 21 தீவுகள். மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று நான்கு கூட்டமாகச் சொல்வார்கள். இந்தத் தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989இல் அதை உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பூங்காவுக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பலம் உண்டு. உயிர்க்கோளக் காப்பகம் என்ற பெயருக்கு மட்டும் அந்தப் பலம் கிடையாது. திட்டம் எந்தப் பகுதிக்குள் வருகிறது என்பதைப் பொறுத்து உங்கள் வாதமே மாறும்.

பூங்காவின் கடல் எல்லை ஆழத்தை வைத்துப் போடப்பட்டது. கடலாழத்தைப் 'பாகம்' என்ற அளவில் சொல்வார்கள். தீவிலிருந்து கரையை நோக்கிய பக்கம் மூன்றரைப் பாகம் ஆழம் வரை, வெளிக்கடல் பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரை. மீட்டரில் சொன்னால் சுமார் 6.4, 9.1. அலுவலக வரைபடத்தில் இந்தக் கோட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளச் சிரமப்படுவோம். கடலுக்குப் போகிற பெரியவர் ஒருவரிடம் கேட்டால், எந்தத் தீவுக்கு எந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில் ஐந்து பாகம் வரும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

"திட்டம் பூங்காவுக்கு வெளியேதான் வருகிறது, அதனால் பாதிப்பு இல்லை" என்பது நீங்கள் அதிகம் கேட்கப்போகும் பதில். பவளத்துக்குள் வாழும் நுண்பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்துத்தான் பவளம் பிழைக்கிறது. கடற்புல்லுக்கும் ஒளி வேண்டும். அந்தப் புல்லைத்தான் ஆவுளியா என்னும் கடல்பசு மேய்கிறது. தூர்வாரும்போது கிளம்பும் சேறு ஒளியை மறைக்கும், பிறகு பவளத்தின் மேலேயே படியும். சேறு எந்தப் பக்கம் போகும் என்பதைக் காற்றும் நீரோட்டமும் தீர்மானிக்கின்றன. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கரையோர ஓட்டம் வடக்கே இழுக்கும், வாடைக் காலத்தில் தெற்கே. எல்லைக்கோடு சேற்றை நிறுத்தாது. ஆகவே "எவ்வளவு தூரத்தில் வருகிறது" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எந்த மாதத்தில் தூர்வாருவீர்கள், அந்த மாதத்தில் சேறு எங்கே போகும்" என்றும் கேளுங்கள்.

இந்தத் தீவுகள் ஏற்கெனவே தேய்ந்துபோனவை. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அரணாக நின்ற பார் (கடலடிப் பாறைத்திட்டு) போனதும் அலை நேராகத் தீவில் மோதியது. பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் காரியாசல்லி 1969இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது, இப்போது ஐந்து ஹெக்டேர்கூடக் கிடையாது. 2010லும் 2016லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. ஏற்கெனவே நொந்து கிடக்கும் இடத்தில் இன்னொரு சுமையை ஏற்றுகிறோமா என்ற கேள்வியை இந்தக் கணக்கோடு சேர்த்துக் கேட்டால், அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

கரையில் இருப்பவர்களிடம் முதலில் போங்கள்

எந்த மனுவும் எழுதும் முன்பு ஊருக்குப் போங்கள். ஊர்த் தலைவரையோ ஊர்க் கமிட்டியையோ பார்த்து, நீங்கள் யார், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். படகு கரை ஏறும் நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள், அது ஏலம் விடுகிற நேரம். மத்தியானத்துக்கு மேல் வலை பின்னிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தால் நிறையக் கேட்கலாம்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூங்கா என்ற சொல்லே பல ஊர்களில் கசப்பானது. இந்தத் தீவுகளில் தங்கிப் பாசி எடுத்தவர்கள், சங்கு எடுத்தவர்கள், கடல் அட்டை பிடித்தவர்கள் எல்லாருக்கும் சட்டம் கதவை அடைத்தது. 2001இல் கடல் அட்டைக்குத் தடை வந்தபோது அதை நம்பியிருந்த குடும்பங்கள் திணறிப்போயின. "எங்களை உள்ளே விடாத பூங்காவை நாங்க ஏன் காப்பாத்தணும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் கையெழுத்துத் தாளை நீட்டினால் கையெழுத்து கிடைக்கலாம், அவர்கள் துணை கிடைக்காது. அந்தக் குறைகளையும் உங்கள் மனுவில் எழுதுங்கள். நாட்டுப்படகுக்காரரைத் தடுக்கும் அதே கடலில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு எப்படி வழிவிட முடியும் என்பது அவர்கள் வாதம். இந்த விஷயத்தில் நம்மிடம் இருக்கும் மிக வலுவான வாதமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்களைப் பற்றித் தெரிந்துகொண்டு போனால் நல்லது. கண்ணாடி மாட்டி மூழ்கிப் பாசி எடுப்பவர்கள் அவர்கள். எடுக்கும் நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள், பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவி வேண்டாம் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள், தங்கள் உரிமைக்காகவும் சேர்த்துப் பேசினார்கள். அவர்களை முன்னின்று நடத்திய லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. பவளத்தின் மேல் கை வைத்து வேலை செய்கிறவர்களைவிட அதன் நிலையைத் தெரிந்தவர் யார்?

பேச்சு கூடிவந்ததும் ஒரு பெரிய சார்ட் தாளை விரித்து ஊரின் கரையை வரையச் சொல்லுங்கள். எந்தப் பார் எங்கே, அதன் பெயர் என்ன, நண்டு வலை எங்கே விடுவார்கள், குஞ்சு மீன் எங்கே கூடும், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மீன்பாடு எந்தப் பக்கம், வாடையில் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆட்கள் சேரச் சேர வாக்குவாதம் வரும். ஒருவர் போட்ட கோட்டை இன்னொருவர் அழித்து, "அந்தப் பார் இன்னும் தெக்கால இருக்குப்பா" என்பார். அந்த வாக்குவாதத்தை நிறுத்தாதீர்கள், கடைசியில் நிற்கிற படம் சரியாக இருக்கும். அடுத்து கரை. படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், கருவாடு காயப்போடும் மணல், கோயில், கொடிமரம், படகுக்குப் போகும் பாதை. இந்தப் படம் பின்னால் மூன்று இடத்தில் பயன்படும். ஆனால் மீன்பிடி இடத்தின் ஜிபிஎஸ் புள்ளிகளை அவர்கள் அனுமதி இல்லாமல் எங்கும் வெளியிடக் கூடாது. அது அவர்களுடைய பிழைப்பு.

திட்டத்தின் காகிதங்களைத் தேடுங்கள்

வதந்தியை வைத்துப் போராட முடியாது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் சுற்றுச்சூழல் அனுமதி, வனவிலங்கு அனுமதி, கடலோர அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்கள் ஏற்றப்படும். மாநிலம், மாவட்டம், திட்ட வகை என்று தேடலாம். விண்ணப்ப எண் கிடைத்தால் குறித்து வையுங்கள், இனி எல்லாக் கடிதத்திலும் அதைப் போட வேண்டும்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் முன்பே நிறுவனம் "எதை எல்லாம் ஆய்வு செய்ய வேண்டும்" என்று ஒரு வரையறை வாங்கும். அந்தக் கட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் நல்ல காலம். பவளம், கடற்புல், ஆமை முட்டையிடும் கரை, இரண்டு பருவக் காற்றிலும் நீரோட்டம் எல்லாவற்றையும் ஆய்வில் சேர்க்கச் சொல்லி எழுதலாம்.

எல்லாத் திட்டத்துக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் வரும் என்று காத்திருக்காதீர்கள். 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை மத்திய அரசு 'பி2' என்ற பிரிவுக்கு மாற்றியது. அந்தப் பிரிவில் கருத்துக்கேட்பு கிடையாது. ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி.க்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் 2025இல் அனுமதி கொடுத்தது இந்த வழியில்தான். விஷயம் வெளியே தெரிந்து எதிர்ப்பு கிளம்பியதும், அந்த அனுமதியைத் திரும்பப் பெறும்படி தமிழக அரசு அதே ஆண்டு ஆகஸ்டில் ஆணையத்துக்குச் சொன்னது. அவை நிலத்தில் தோண்டுகிற கிணறுகள். கடலுக்குள் வருவதற்கும் இதே கண்காணிப்பு தேவை. மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது ஒருவர் பரிவேஷைத் திறந்து பார்க்கிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "இந்தத் திட்டம் ஏன்?" என்று விளக்கம் கேட்டால் தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி:

"இன்ன புல எண் கொண்ட இடத்தில் இன்ன திட்டத்துக்காக தங்கள் அலுவலகத்துக்கு வந்த விண்ணப்பம், அதன் மீதான குறிப்புகள், கள ஆய்வு அறிக்கை, தடையின்மைக் கடிதம் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி வேண்டும்."

இதையே மூன்று இடத்துக்கு அனுப்புங்கள்: மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம், ராமநாதபுரத்தில் இருக்கும் மன்னார் வளைகுடா வன உயிரினக் காப்பாளர் அலுவலகம். ஒரு அலுவலகம் இல்லை என்று சொன்ன காகிதம் இன்னொரு அலுவலகத்தில் இருந்து வருவது சகஜம்.

வரைபடத்தில் உங்கள் ஊர் இருக்கிறதா?

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011இல் ஒன்று, 2019இல் ஒன்று. இரண்டிலும் தேசியப் பூங்கா, பவளப்பாறை, கடற்புல், அலையாத்தி, ஆமை முட்டையிடும் கரை எல்லாம் '1ஏ' என்ற முதல் பிரிவில் வரும். மிகக் கடுமையான பாதுகாப்பு அந்தப் பிரிவுக்குத்தான். கரையில் இருந்து 12 கடல் மைல் வரையான கடல் நான்காம் பிரிவு. ஆக, ஒரு இடம் 1ஏ என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதில்தான் பாதி வழக்கு நிற்கிறது.

கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தைத் தரவிறக்கி, ஊரில் வரைந்த சார்ட் தாளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடற்புல் இருக்கும் இடம் வெற்றுக் கடலாகக் காட்டப்பட்டிருக்கலாம். வலை உலர்த்தும் மணல் அரசுப் புறம்போக்காகவோ தரிசாகவோ இருக்கலாம். சில இடத்தில் ஊரின் பெயரே இல்லாமல் போகலாம். மீனவர் குடியிருப்பு, பொது இடங்கள், மீன் உலர்த்தும் இடம் எல்லாம் வரைபடத்தில் வர வேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது. விடுபட்டதைப் புகைப்படத்தோடும் இடப் புள்ளியோடும் எழுதி, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோரக் குழுவுக்குக் கொடுங்கள். அந்தக் குழுவில் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவர்களையும் போய்ப் பாருங்கள்.

திட்டம் எதுவும் வராத காலத்தில் செய்ய வேண்டிய வேலை இது. வந்த பிறகு வரைபடத்தைத் திருத்தக் கேட்டால், தடுப்பதற்காகவே கேட்கிறார்கள் என்பார்கள்.

அறிக்கையைப் படிப்பது எப்படி

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பல நூறு பக்கம் இருக்கும். பயப்பட வேண்டாம், முதலிலிருந்து கடைசி வரை படிக்கத் தேவையில்லை. நான்கைந்து பேர் பிரித்துக்கொள்ளுங்கள். நான் முதலில் பார்ப்பது மாதிரி எடுத்த தேதிகளை. கடலில் எந்த மாதம் ஆய்வு செய்தார்கள்? ஒரே ஒரு பருவத்தில் எடுத்திருந்தால், மற்றப் பருவத்தில் நீரோட்டம் திரும்புவதை அந்த அறிக்கை பார்க்கவே இல்லை என்று பொருள்.

அடுத்து உயிரினப் பட்டியல். மன்னார் வளைகுடாவில் 117 வகைக் கடினப் பவளங்கள் பதிவாகியுள்ளன. திட்ட இடத்துக்குப் பக்கத்தில் பார் இருப்பது ஊருக்கே தெரியும்போது, பட்டியலில் பவளம் என்ற சொல்லே இல்லாவிட்டால் அதைச் சிவப்பு மையால் குறியுங்கள். மீன்களின் உள்ளூர்ப் பெயரோடு பட்டியலைப் படகுக்காரர்களிடம் படித்துக் காட்டுங்கள். இங்கே கிடைக்கிற முக்கியமான மீன் எதுவும் இல்லாமல், இங்கே யாரும் பார்த்திராத மீன் இருந்தால், அந்தப் பட்டியல் வேறெங்கோ இருந்து வந்தது. இப்படி நடந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் தகவல்கள் அப்படியே இருந்தது தெரியவந்தது.

மூன்றாவது, தூர்வாரும் மண்ணின் கணக்கு. எத்தனை கன மீட்டர், எங்கே கொட்டுவார்கள், பிறகு வருடா வருடம் பராமரிப்புக்கு எவ்வளவு வாருவார்கள்? சேதுசமுத்திரத் திட்டத்தின் அளவு நினைவிருக்கட்டும்: 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். 2005 ஜூலையில் தொடங்கி, 2007இல் ராமர் பாலம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்டதும் நின்றது. நம்மில் பலருக்கு அந்த வழக்குதான் ஞாபகத்தில் இருக்கிறது. வாரிய மண் எங்கே போகும், வாரிய இடம் மறுபடி மூடாதா என்ற கேள்விகள் வெளியே அதிகம் கேட்கவில்லை. பின்னர் அதை ஆராய மத்திய அரசு அமைத்த பச்சௌரி குழுவும் அந்தத் திட்டம் பொருளாதார ரீதியிலும் சூழல் ரீதியிலும் உகந்ததல்ல என்றே சொன்னது.

மாற்று இடம் பற்றிய அத்தியாயத்தையும் விடாதீர்கள். பல அறிக்கைகளில் அது ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும்.

பசுமை என்ற பெயரில் வருவதையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை வளர்ப்பது வருமானத்துக்கு நல்லது என்று பாக் நீரிணைப் பக்கம் பரப்பினார்கள். அது பிய்ந்து வந்து குருசடைத் தீவருகே உயிருள்ள பவளத்தின் மேல் போர்த்திப் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாசி வளர்க்கும் பெண்களின் வருமானம் முக்கியம்தான். எந்தப் பாசி, எந்த இடத்தில் என்பதும் அதே அளவு முக்கியம்.

கிராம சபைத் தீர்மானம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாட்களில் கிராம சபை கூடும். தேவைப்பட்டால் சிறப்புக் கூட்டமும் கேட்கலாம். தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி ஊராட்சித் தலைவரிடம் கொடுங்கள். மேடையில் வாய்மொழியாகச் சொன்னது பதிவேட்டில் ஏறாமல் போகும். "எதிர்க்கிறோம்" என்பதோடு நிறுத்தாமல் திட்டத்தின் பெயர், விண்ணப்ப எண், பாதிக்கப்படும் பார்கள், படகுகள், குடும்பங்கள் எல்லாம் அதில் வரட்டும். கூட்டம் முடிந்த கையோடு தீர்மான நகலை வாங்கிவிடுங்கள். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அலைய வேண்டியிருக்கும்.

கருத்துக்கேட்புக் கூட்டம்

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். அதில் ஒன்று தமிழ் நாளிதழாக இருக்க வேண்டும். வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும், தமிழில் சுருக்கம் தர வேண்டும். கூட்டத்தைத் திட்ட இடத்திலோ அதற்கு மிக அருகிலோ நடத்த வேண்டும். முதல் வாரத்திலேயே நேரில் போய், அறிக்கை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அன்றே எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பின்னால் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனால் முதல் ஆவணமாக அதுவே நிற்கும்.

கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கு கிடையாது. புறக்கணித்துவிட்டு வெளியே நின்று கோஷம் போட்டால், உள்ளே பத்துப் பேரை வைத்துக்கூட நடத்தி முடித்துவிடுவார்கள். அதனால் உள்ளே போய்ப் பேசுவதுதான் நல்லது என்பது என் கருத்து. வேறு மாதிரி நினைப்பவர்களும் உண்டு, அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

பேசுபவர்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். கடலுக்குப் போகிறவர்களும் பாசி எடுக்கும் பெண்களும் முதலில் பேசட்டும். வெளியூர்க்காரர்கள் எழுத்தில் கொடுத்தால் போதும், எழுத்து மூலம் கருத்துச் சொல்ல ஊர் தடை இல்லை. ஒவ்வொருவரும் பெயர், ஊர், தொழில் சொல்லிவிட்டு ஒரே ஒரு விஷயம் பேச வேண்டும். "நான் முப்பது வருஷமா இந்தப் பார்ல நண்டு வலை போடுறேன். அறிக்கையில இத்தனாவது பக்கத்துல அந்த இடம் வெறும் மணல்னு போட்டிருக்கு. யார் வந்து பார்த்தது? தேதியைச் சொல்லுங்க." இதற்கு அந்த இடத்தில் பதில் சொல்லியாக வேண்டும். "வளர்ச்சிக்கு நாங்கள் எதிரிகளா?" என்ற விவாதத்துக்குள் இழுப்பார்கள், போகாதீர்கள்.

கடைசியில் கூட்டத்தின் சாராம்சத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. பெரும்பாலானோர் அதற்குள் கிளம்பிவிடுவார்கள். நாலு பேராவது உட்கார்ந்திருங்கள். உங்கள் கேள்வி வாசிப்பில் வராவிட்டால் எழுந்து சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இது வாக்கெடுப்பு இல்லை, எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்று எண்ண மாட்டார்கள். ஆனால் எழுப்பிய ஆட்சேபங்களை, அனுமதி தரலாமா என்று பரிந்துரைக்கும் நிபுணர் குழு பரிசீலித்து, காரணத்தோடு முடிவு சொல்ல வேண்டும். கோவா சுரங்க வழக்கொன்றில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பதிவேட்டில் ஏறாத ஆட்சேபத்துக்கு யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள்.

மற்ற வாசல்கள்

பூங்காவின் எல்லைக்குள் வருகிற எதுவும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் முன்பு போக வேண்டும். அதன் நிலைக்குழுவின் நிகழ்ச்சி நிரலும் கூட்டக் குறிப்பும் இணையத்தில் வரும். உறுப்பினர்களுக்கு இரண்டு பக்கத்தில், வரைபடத்தோடு கடிதம் எழுதுங்கள். கடலோர அனுமதி மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் வழியாகப் போகும். திட்ட இடத்தைச் சுற்றி 7 கிலோமீட்டருக்கான வரைபடத்தை நிறுவனம் அங்கே கொடுத்திருக்க வேண்டும், அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

சட்டத்தை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவும் கூடாது. இந்தியாவின் முதல் கடல்சார் தேசியப் பூங்கா குஜராத்தின் கட்ச் வளைகுடாவில், 1982இல் அறிவிக்கப்பட்டது. அதன் வழியாக எண்ணெய்க் குழாய் போடுவதை 2004இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. சில இடங்களில் கரை மக்களே காவலாக நின்று காப்பாற்றியதும் உண்டு. மெக்சிகோவின் காபோ புல்மோ ஒரு சின்ன மீனவ ஊர். அங்கத்திய மக்களே முன்னின்று 1995இல் பூங்கா வந்தது. பக்கத்தில் வர இருந்த மாபெரும் சுற்றுலா நகரத் திட்டத்தை, உள்ளூரும் விஞ்ஞானிகளும் சேர்ந்து எதிர்த்தபின் 2012இல் அந்நாட்டு அதிபர் கைவிடச் செய்தார். பூங்கா வந்த பிறகு மீன் பெருகியதற்கான அளவீடுகள் அவர்கள் கையில் இருந்தன. நாமும் வருடத்துக்கு வருடம் எதையாவது அளந்து எழுதி வைப்பது நல்லது. கரை ஒதுங்கிய ஆமைகள், நண்டு வரத்து, தீவின் விளிம்பு, எதுவானாலும் தேதியோடு. ஆனால் தீவில் இறங்கவோ பவளத் துண்டை எடுக்கவோ அனுமதி இல்லாமல் போகாதீர்கள். அது குற்றம், ஆதாரம் சேர்க்கப் போனவர் மேலேயே வழக்கு வரும்.

அனுமதி வந்துவிட்டால்: முப்பது நாள்

சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்ததும் நிறுவனம் ஏழு நாளுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் கொடுக்க வேண்டும். உள்பக்கத்தில் சின்னதாக வரும், தினமும் பார்க்க ஆள் வேண்டும். அந்த அனுமதியை எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 90 தாண்டிவிட்டால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் மேல்முறையீடு எடுபடாது. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். நீங்களே வாதாடலாம், ஆனாலும் சுற்றுச்சூழல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரை முன்பே பார்த்து வையுங்கள். ஏற்கெனவே நடந்துவிட்ட விதிமீறல்களுக்கு, உதாரணமாக அனுமதி இல்லாமல் அலையாத்தியை வெட்டியதற்கு, ஆறு மாதத்துக்குள் தனி மனு போடலாம்.

வழக்குக்குப் போகும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியவை: ஊர் வரைபடம், கிராம சபைத் தீர்மானம், தகவல் உரிமைப் பதில்கள், கருத்துக்கேட்பின் எழுத்து மனுவும் ஒப்புகையும், தேதியிட்ட புகைப்படங்கள். எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் அடுக்கி, ஒரு பிரதியை ஊரிலேயே வையுங்கள். நகரத்துத் தொண்டரின் மடிக்கணினியில் மட்டும் இருக்கும் ஆவணம், அவர் வேலை மாறிப் போகும்போது கூடவே போய்விடும்.

தோற்றாலும் வேலை இருக்கிறது. அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும்: இந்த மாதங்களில் தூர்வாரக் கூடாது, சேறு பரவாமல் திரை கட்ட வேண்டும், இன்ன இடத்தில் மட்டுமே மண் கொட்ட வேண்டும். அவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஏலக் கூடத்திலும் டீக்கடையிலும் ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறுவனம் கொடுக்க வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மண் கொட்டும் படகு சொன்ன இடத்தைத் தாண்டி வந்தால் கடலில் இருப்பவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். நேரம், இடப் புள்ளி, படம் மூன்றையும் அன்றைக்கே ஆட்சியருக்கும் வன உயிரினக் காப்பாளருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்பி, ஒப்புகையைக் கோப்பில் சேருங்கள்.